பூவா தலையாவுக்கு யார் சம்மதிப்பார்கள்?

புற்றுநோய் மருத்துவ ஆய்வு என்றதும் பலர் மனத்தில் முதலில் ஓடுவது கூண்டுக்குள் இருக்கும் வெள்ளெலிதான். ‘எங்களை வைத்துச் சோதித்துப் பார்க்கப் போகிறீர்களா?’ என்று நோயாளியின் குடும்பம் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் புது மருந்து என்றால்கூடப் பலர் துணிந்துவிடுகிறார்கள். எந்தச் சிகிச்சை தனக்குக் கிடைக்கும் என்பதைக் கணினி குலுக்கிப் போட்டுத் தீர்மானிக்கும் என்ற வரியைப் படிக்கும்போதுதான் கையெழுத்துப் போட வந்த பேனா நின்றுவிடுகிறது. உயிர் விஷயத்தில் பூவா தலையா போடுவதா?

குலுக்கலுக்குக் காரணம் எளிமையானது. மூன்றாம் கட்ட ஆய்வில் ஓர் அணிக்கு இன்று நடைமுறையில் இருக்கும் சிகிச்சையும் இன்னோர் அணிக்குப் புதிய சிகிச்சையும் தரப்படும். யாருக்கு எது என்பதை மருத்துவரே முடிவுசெய்தால், கொஞ்சம் தெம்பாக நடந்து வருபவருக்குப் புது மருந்தைக் கொடுக்க மனம் தானாகச் சாயும். பிறகு அந்த அணி நன்றாகத் தேறினால், அது மருந்தின் வேலையா, உடம்பில் முன்பே இருந்த தெம்பின் வேலையா என்று பிரித்துப் பார்க்க முடியாது. குலுக்கிப் போட்டால் வயது, நோயின் தீவிரம், வீட்டின் வசதி, நாம் இன்னும் கண்டுபிடிக்காத மரபணு வேறுபாடுகள் எல்லாமே இரு அணிகளுக்கும் ஏறக்குறைய சமமாகப் பிரிந்துவிடும். ஒப்பீட்டு அணிக்கு வெறும் சர்க்கரை மாத்திரைதான் கிடைக்கும் என்ற பயமும் பரவலாக உண்டு. பலனளிக்கும் சிகிச்சை ஏற்கெனவே இருக்கும் புற்றுநோயில் அப்படிச் செய்ய, ஆய்வுத் திட்டங்களைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழு அனுமதிக்காது.

குலுக்கலைக் கண்டு பயந்தவர்கள் நோயாளிகள் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. 1970-களில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் பெர்னார்ட் ஃபிஷர் என்ற அறுவை மருத்துவர் ஒரு கேள்வி எழுப்பினார். மார்பகப் புற்றுநோய் என்றால் மார்பு முழுவதையும் அகற்றத்தான் வேண்டுமா, கட்டியை மட்டும் எடுத்தால் போதாதா? அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டட் 1890-களில் வகுத்துத் தந்த கடுமையான அறுவை முறை அதுவரை பல தலைமுறைப் பெண்களின் மார்புத் தசைகளைக்கூட விட்டுவைக்கவில்லை. ஃபிஷரின் ஆய்வு 1976-ல் தொடங்கியது, ஆள் சேரவில்லை. தகுதியான நோயாளிகளைச் சேர்க்காத அறுவை மருத்துவர்களிடமே காரணம் கேட்டார்கள். அந்தப் பதில்கள் 1984-ல் வெளியாயின. 73 சதவீதம் பேர் சொன்ன காரணம், நோயாளிக்கும் தமக்கும் உள்ள உறவு கெட்டுவிடும் என்ற கவலை. நிச்சயமின்மையைப் பற்றி வெளிப்படையாகப் பேசப் பிடிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டவர்களும் 22 சதவீதம் இருந்தார்கள். ‘இரண்டில் எது நல்லது என்று எனக்கே தெரியாது’ என்று சொல்ல மருத்துவருக்கு வாய் வரவில்லை என்பதுதான் இதன் பொருள்.

கடைசியில் ஒரு குறுக்கு வழி பிடித்தார்கள். முதலில் குலுக்கிவிட்டு, எந்தச் சிகிச்சை விழுந்தது என்பதைச் சொல்லி, அதன் பிறகு சம்மதம் கேட்டார்கள். ஆட்கள் சேரும் வேகம் பல மடங்கு கூடியது. இந்த முறையை நெறிமுறையாளர்கள் கடுமையாகக் குறை கூறினார்கள், அதில் நியாயமும் உண்டு. ஆனாலும் 1985-ல் வெளியான முடிவுகள், 1,843 பெண்களின் தரவுகளைக் கொண்டு, கட்டியை மட்டும் எடுத்தவர்களும் மார்பை இழந்தவர்களும் ஒரே அளவில்தான் உயிர் பிழைக்கிறார்கள் என்று காட்டின. இருபது ஆண்டுத் தொடர் கண்காணிப்பும் 2002-ல் அதையே உறுதிசெய்தது. மார்பைக் காப்பாற்றிக்கொண்டே சிகிச்சை பெற இன்று பல பெண்களால் முடிகிறது என்றால், அதற்கு அந்தக் குலுக்கலுக்குச் சம்மதித்த பெண்களும் காரணம்.

குலுக்கலைத் தட்டிக்கழித்தால் என்ன ஆகும் என்பதற்கும் அதே நாட்டில், அதே நோயில் உதாரணம் இருக்கிறது. 1990-களில் மார்பகப் புற்றுநோய்க்கு மிக அதிக அளவில் கீமோதெரபி கொடுத்து, அதனால் அழியும் எலும்பு மஜ்ஜைக்கு ஈடாக, முன்பே எடுத்து வைத்த நோயாளியின் சொந்த உயிரணுக்களைத் திரும்பச் செலுத்தும் முறை பிரபலமானது. ‘கொஞ்சம் கொடுத்தால் கொஞ்சம் சாகும், நிறையக் கொடுத்தால் எல்லாம் சாகும்’ என்ற கணக்கு எல்லோருக்கும் சரியாகவே பட்டது. செலவைத் தர மறுத்த காப்பீட்டு நிறுவனங்கள் மீது வழக்குகள் பாய்ந்தன. 1993-ல் கலிபோர்னியாவில் ஒரு குடும்பத்துக்கு 8.9 கோடி டாலர் இழப்பீடு வழங்க ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள். ஆய்வுக்கு வெளியிலேயே இந்தச் சிகிச்சை கிடைக்கும்போது குலுக்கலுக்கு யார் வருவார்கள்? முப்பதாயிரம் பெண்கள் வரை இதைப் பெற்றதாக மதிப்பிடப்படுகிறது. குலுக்கல் ஆய்வுகளில் சேர்ந்தவர்களோ ஆயிரம் பேர் அளவில்தான். 1999-ல் ஐந்து ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றாக வந்தபோது, நான்கில் வழக்கமான சிகிச்சையைவிடக் கூடுதல் ஆயுள் எதுவும் இல்லை. பலன் இருப்பதாகச் சொன்ன ஐந்தாவது, தென்னாப்பிரிக்காவின் வெர்னர் பெஸ்வோடா நடத்தியது, மோசடி என்று 2000-ல் அம்பலமானது. இதற்கிடையில் சிகிச்சையின் கொடுமை தாங்காமலே இறந்தவர்களும் உண்டு. எல்லோரும் தயங்காமல் ஆய்வில் சேர்ந்திருந்தால் சில ஆண்டுகளிலேயே இதற்கு விடை கிடைத்திருக்கும்.

‘மக்கள்தான் ஆய்வுக்கு வர மறுக்கிறார்கள்’ என்ற புலம்பல் இன்றும் ஓயவில்லை. எனக்கு இதில் பாதிக்கு மேல் நம்பிக்கை இல்லை. அமெரிக்க ஆய்வாளர் ஜோசப் உங்கரும் சகாக்களும் 2019-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, சுமார் 56 சதவீத நோயாளிகளுக்கு அவர்கள் போன மருத்துவமனையில் பொருத்தமான ஆய்வே இல்லை என்று தெரிந்தது. இன்னும் 22 சதவீதம் பேர், வேறு நோய் இருப்பது போன்ற காரணங்களால் தகுதி பெறவில்லை. கடைசியில் சேர்ந்தவர்கள் 8 சதவீதம். அதே குழு 2021-ல் வேறு மாதிரிக் கேட்டது: நேரடியாக அழைப்பு வைக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் சரி என்றார்கள்? 55 சதவீதம். கறுப்பினத்தவரிடையே 58. கறுப்பின ஆண்களின் சிபிலிஸ் நோய்க்குச் சிகிச்சை தராமல் 1932 முதல் 1972 வரை வேடிக்கை பார்த்த டஸ்கீகி ஆய்வின் நினைவால் அவர்கள் வர மறுக்கிறார்கள் என்று எழுதியவர்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும்.

சம்மதிப்பவர்கள் எல்லோரும் சரியாகப் புரிந்துகொண்டுதான் சம்மதிக்கிறார்களா என்பது வேறு சிக்கல். முதல் கட்ட ஆய்வின் நோக்கம் எவ்வளவு மருந்தை உடல் தாங்கும் என்று அறிவதே. 1991 முதல் 2002 வரை அமெரிக்காவில் நடந்த முதல் கட்டப் புற்றுநோய் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், கட்டி சுருங்கியவர்கள் சுமார் 10.6 சதவீதம், மருந்தின் நச்சால் இறந்தவர்கள் 0.49 சதவீதம். ஆனால் சேருபவர்களில் பலர் இதைத் தமக்கென்றே வகுக்கப்பட்ட சிகிச்சையாக எண்ணிக்கொள்கிறார்கள். நம்பிக்கை தருவதும் உண்மையைச் சொல்வதும் ஒன்றோடொன்று மோதும் இடம் இது. படிவத்தை வேகமாக வாசித்துவிட்டு ‘இங்கே கையெழுத்து’ என்று விரலால் காட்டும் மருத்துவர் இந்த மோதலைத் தீர்ப்பதில்லை.

நம் பக்கத்தில் அவநம்பிக்கைக்கு நிஜமான காரணங்கள் உண்டு. திருவனந்தபுரத்தில் வாய்ப் புற்றுநோயாளிகள் சிலருக்கு, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரின் வேதிப்பொருள் கட்டிக்குள் ஊசியாகச் செலுத்தப்பட்டது. அதற்கு உரிய அனுமதி பெறப்படவில்லை என்று 2001-ல் பல்கலைக்கழகமே ஒப்புக்கொண்டது. அதன் பிறகு இந்தியச் சட்டம் மெல்ல மெல்ல இறுகியது. 2009 முதல் ஆய்வுகளை இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவுசெய்வது கட்டாயமானது; இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி நெறிமுறைக் குழுவில் பாதிப் பேராவது அந்த மருத்துவமனையைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு.

மக்களின் ஒத்துழைப்பு எவ்வளவு தூரம் வரும் என்பதைத் திண்டுக்கல் மாவட்டம் காட்டியது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தைத் தடவிக் கண்டுபிடிக்கும் எளிய பரிசோதனைக்கு, அழைக்கப்பட்ட 49,311 பெண்களில் ஏறத்தாழ 64 சதவீதம் பேர் வந்தார்கள். ஊர்களைக் குலுக்கிப் பிரித்து நடந்த இந்த ஆய்வின் முடிவு 2007-ல் வந்தது: பரிசோதனை நடந்த ஊர்களில் இந்தப் புற்றுநோயால் நேர்ந்த இறப்பு 35 சதவீதம் குறைவு. மற்ற ஊர்களின் பெண்களைப் பரிசோதிக்காமல் விட்டது சரியா என்ற வாதம் பின்னர் எழுந்தது. அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

நம் ஊர் ஆய்வுகளுக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. நிவோலுமாப் என்ற விலையுயர்ந்த மருந்தை, வழக்கமாக இரு வாரத்துக்கு ஒருமுறை தரும் 240 மில்லிகிராமுக்குப் பதில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் கொடுத்தால் போதுமா என்று மும்பை டாடா நினைவு மருத்துவமனை கேட்டது. தலை, கழுத்துப் புற்றுநோய் முற்றிய 151 பேர் குலுக்கலுக்குச் சம்மதித்தார்கள். குறைந்த செலவிலான மாத்திரைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் ஓராண்டு உயிரோடு இருந்தவர்கள் 16.3 சதவீதம், அத்துடன் இந்தச் சிறு அளவு மருந்தும் பெற்றவர்களில் 43.4 சதவீதம். மருந்து விற்கும் நிறுவனம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்காது.

இத்தனைக்குப் பிறகும், தமிழ்க் குடும்பங்களில் ஆய்வுக்கு முன்னால் நிற்கும் தடை பெரும்பாலும் வேறு. ‘அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் டாக்டர், கட்டி என்று மட்டும் சொல்லுங்கள்’ என்று மகனோ மகளோ அறைக்கு வெளியே வந்து கேட்டுக்கொள்வது அன்றாடக் காட்சி. ஒப்புதல் படிவத்திலோ நோயின் பெயர் அச்சிடப்பட்டிருக்கும். நினைவு தெளிவாக உள்ள ஒருவருக்காக மகன் அதில் கையெழுத்திட முடியாது. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வில் சம்பந்தமில்லாத ஒரு சாட்சியின் முன்னால் அவருக்கே அதை முழுவதும் படித்துக் காட்டி, அதன் பிறகுதான் கைரேகை வாங்க வேண்டும்.