கிளாசிக் என்றால் பழையது என்று பொருளா? 'செவ்வியல்' என்ற சொல்லைப் பற்றி

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர் வாயனசாலையில் (நூலகத்தில்) போன மாதம் புத்தகங்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தோம். தமிழும் மலையாளமும் ஒரே அலமாரியில் கலந்து கிடக்கும் இடம் அது. ஒரு தட்டில் 'க்ளாசிக்' என்று மலையாளத்தில் அட்டை ஏற்கெனவே ஒட்டியிருந்தது. அதற்குப் பக்கத்தில் தமிழில் என்ன எழுதுவது என்று பிளஸ் டூ படிக்கிற தம்பி ஒருவன் கேட்டான், கேட்ட கையோடு "பழைய இலக்கியம்னு போட்டுரலாமாண்ணா?" என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் வேண்டாம் என்பதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

கிளாசிக் என்ற சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. பழைய ரோமில் குடிமக்களை அவரவர் சொத்து மதிப்பை வைத்து ஐந்து வகுப்புகளாகப் பிரித்திருந்தார்கள். வகுப்புக்கு அவர்கள் சொல் 'கிளாசிஸ்'. அதில் முதல் வகுப்பில் இருந்தவன் 'கிளாசிகுஸ்'. ஆக, தொடக்கத்தில் இது வரி, சொத்து சம்பந்தப்பட்ட சொல், இலக்கியத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அவுலுஸ் கெல்லியுஸ் என்பவர் எழுதிய நூலில்தான் இது எழுத்தாளனுக்கு வருகிறது. ஒரு சொல்லை ஒருமையில் சொல்வதா பன்மையில் சொல்வதா என்று பேச்சு எழ, கிளாசிகுஸ் ஆன எழுத்தாளர் யாராவது அப்படி எழுதியிருக்கிறாரா என்று தேடிப் பாருங்கள், 'புரோலெடாரியுஸ்' எழுத்தாளரைப் பார்க்காதீர்கள் என்று அதில் ஒருவர் சொல்கிறார். புரோலெடாரியுஸ் என்றால் சொத்தில்லாத கடைசி அடுக்கு.

இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர் சினிமாக் கொட்டகைதான் நினைவுக்கு வந்தது. படம் பார்த்து வெளியே வருகிறவர்கள் "இது கிளாஸ் படம், அது மாஸ் படம்" என்கிறார்களே, கிட்டத்தட்ட அதே பிரிவினை, ஆயிரத்து எண்ணூறு வருடத்துக்கு முன்னாலேயே!

இதில் கவனிக்க வேண்டியது, கெல்லியுஸ் நூலில் வரும் அந்தப் பேச்சு பழமையை மட்டும் பற்றியதல்ல. யாருடைய மொழியை நம்பலாம், யாருடைய எழுத்து திருத்தமானது என்பதே அங்கே கேள்வி. அப்புறம் ஐரோப்பாவில் கிரேக்க, லத்தீன் நூல்களையே இந்தப் பெயரால் அழைத்துப் பழகிவிட்டார்கள், அந்த நூல்கள் பழையவையாக இருந்ததால் பழமையும் பொருளில் சேர்ந்துகொண்டது.

சரி, தமிழுக்கு வருவோம். செம்மை + இயல் = செவ்வியல். செம்மையில் 'மை' கெட்டு, வருகிற எழுத்துக்கு ஏற்றபடி உருவம் மாறும்: செந்தமிழ், செங்கோல், செம்மொழி, செவ்விளநீர். செம்மைக்குச் சிவப்பு என்று ஒரு பொருள், நேர்மை, திருத்தம், தகுதி என்று இன்னொரு பொருள். செங்கோல் என்பதைச் சிவப்புக் கோல் என்று யாரும் கொள்வதில்லை, வளையாத கோல் அது. 'சிறப்பென்னும் செம்பொருள் காண்பது அறிவு' என்கிறது குறள். செவ்வியலில் இருப்பதும் இந்தச் செம்மைதான். கெல்லியுஸ் காலத்துப் பொருளுக்கு இவ்வளவு பக்கத்தில் வருகிற வேறு சொல் நம்மிடம் இல்லை என்பது என் கருத்து.

எல்லையில் இருப்பதால் இன்னொன்றும் காதில் விழுகிறது. மலையாளத்தில் சுற்றி வளைக்காமல் பேசு என்பதற்கு 'நேரே சொவ்வே' பேசு என்பார்கள். அந்தச் 'சொவ்வே' நம் 'செவ்வே'தான். அதே வேர், தினமும் சந்தையில் புழங்குகிறது. ஆனால் 2013இல் மலையாளத்துக்குச் செம்மொழித் தகுதி கிடைத்தபோது அவர்கள் எடுத்துக்கொண்ட சொல் 'சிரேஷ்டபாஷ', உயர்ந்த மொழி. 2008இல் தகுதி பெற்ற தெலுங்கில் பரவலாகச் சொல்வது 'பிராசீன பாஷ', தொன்மையான மொழி. அதே ஆண்டு பெற்ற கன்னடத்தில் 'சாஸ்திரீய பாஷெ'. டெல்லியிலிருந்து வந்தது ஒரே தகுதி. அதில் ஒருவர் உயர்வைப் பார்த்தார், ஒருவர் வயதைப் பார்த்தார், ஒருவர் இலக்கணக் கட்டைப் பார்த்தார், 2004இல் முதலில் பெற்ற தமிழில் செம்மை. 'உயர்தனிச் செம்மொழி' என்ற தொடரை அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தமிழறிஞர் பரிதிமாற் கலைஞர் எழுதிவிட்டார், அதனால் நமக்குச் சொல் தேட வேண்டியிருக்கவில்லை.

செம்மைக்கு எதிர்ச்சொல்லையும் சொல்ல வேண்டும், அது எங்களைத் தொடுகிற விஷயம். செங்கோலுக்கு எதிர் கொடுங்கோல், செந்தமிழுக்கு எதிர் கொடுந்தமிழ். கொடு என்றால் வளைவு. தொல்காப்பியம் 'செந்தமிழ் சேர்ந்த பன்னிரு நிலம்' என்று சொல்ல, உரைகாரர்கள் அந்தப் பன்னிரண்டில் குட்டம், குடம், வேணாடு எல்லாவற்றையும் எண்ணி, அங்கே பேசுவதைக் கொடுந்தமிழ் என்றார்கள். குட்டநாடு இன்றும் அதே பெயரில் கேரளத்தில் இருக்கிறது. ஆனால் எட்டுத்தொகையில் ஒன்றான பதிற்றுப்பத்து முழுக்கச் சேர அரசர்களைப் பாடுகிறது, சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம் சேரநாட்டில் நடக்கிறது. வளைந்த தமிழ் என்று பெயர் வாங்கிய மண்ணைப் பாடிய நூல்கள் செவ்வியல் வரிசையில் முன்னால் நிற்கின்றன. இதை எழுதும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

இப்போது குழப்பம் வருகிற இடம். செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் தொல்காப்பியம், எட்டுத்தொகை, பத்துப்பாட்டு, பதினெண்கீழ்க்கணக்கு, சிலப்பதிகாரம், மணிமேகலை, இறையனார் களவியல், முத்தொள்ளாயிரம் என்று 41 நூல்களைச் செவ்வியல் நூல்களாக வகுத்திருக்கிறது. அது காலத்தை வைத்துப் போட்ட கோடு, ஆய்வுக்கு அப்படி ஒரு கோடு தேவைதான். ஆனால் அந்தக் கோட்டை வாசகனும் பிடித்துக்கொண்டால் கம்பன் வெளியே போய்விடுவான். எங்கள் தாலுகாவில் சித்தூரில் எழுத்தச்சனின் குருமடம் இருக்கிறது, அவர் 16ஆம் நூற்றாண்டு மலையாளக் கவி, அதே கோட்டை மலையாளத்துக்கும் போட்டால் அவரும் வெளியே. கம்பனையும் எழுத்தச்சனையும் விட்டுவிட்டு எதைக் கிளாசிக் என்பது?

'காவியம்' என்றும் சிலர் சொல்கிறார்கள். காவியம் ஓர் இலக்கிய வகையின் பெயர், நீண்ட கதைச் செய்யுள். நாலு முதல் எட்டடிக்குள் முடிகிற குறுந்தொகைப் பாட்டை எப்படிக் காவியம் என்பது? நாவல், நாடகம், சிறுகதை எல்லாவற்றிலும் செவ்வியல் உண்டு, மொழிபெயர்ப்பில் வந்த ருஷ்ய நாவலும் செவ்வியலாக இருக்கலாம். 'அமர இலக்கியம்' என்பது பாராட்டு, வகை சொல்லாது. 'பண்டை இலக்கியம்', 'பழந்தமிழ் இலக்கியம்' என்பவை நல்ல சொற்கள், காலத்தைச் சொல்லும்போது மட்டும் பயன்படுத்தலாம்.

எழுதும்போது நான் இப்படி வைத்துக்கொள்கிறேன்: அடைமொழியாக வந்தால் செவ்வியல் (செவ்வியல் நாவல், செவ்வியல் நாடகம்), நூல்களைச் சேர்த்துச் சொன்னால் செவ்விலக்கியம், மொழிக்குச் செம்மொழி, இசைக்குச் செவ்வியல் இசை. பேச்சில் கிளாசிக் என்றே சொல்லிவிட்டுப் போங்கள், தப்பில்லை.

தம்பி கடைசியில் அட்டையில் 'செவ்விலக்கியம்' என்று எழுதினான். அந்தத் தட்டில் இப்போது சிலப்பதிகாரம் தமிழிலும் மலையாளத்திலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது, கம்பனுக்கு அடுத்து எழுத்தச்சனின் கிளிப்பாட்டு.