அவள் நிமிர்ந்து பார்த்தாளா?

மும்பை அந்தேரியில் என் எடிட்டிங் அறை ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடும். போன மாதம் தாராவியிலிருந்து இரண்டு பையன்கள் ஹார்ட் டிஸ்க்கோடு வந்தார்கள். "அண்ணா, டயலாக்கே இல்லாத லவ் ஸ்டோரி, 11 நிமிஷம். ஃபீலிங் மட்டும் கொஞ்சம் ஏத்திக் கொடுங்க." அதற்கு என்னிடம் பட்டன் இல்லைப்பா என்று சொல்லிவிட்டு ரஷ்ஷை, அதாவது இன்னும் வெட்டாத காட்சிகளை, போட்டுப் பார்த்தேன்.

விடிகாலையில் இட்லிப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்புகிற பையன், மாட்டுங்காவில் பூச்சரம் தொடுக்கிற பெண். தினமும் அந்த வழியாகப் போகிறான், பார்க்கிறான், அவ்வளவுதான் கதை. எண்ணினேன். அவன் பார்க்கும் ஷாட் 9. அவள் முகம் ஒரே ஒரு தடவை, அதுவும் பூவைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஒன்பது தடவையும் வயலின் வேறு.

சொல்லாத காதலை எடுக்கிறேன் என்று வருகிற முக்கால்வாசிப் பேர் இதே தப்பைத்தான் செய்கிறார்கள். பார்க்கிறவனை மட்டும் எடுக்கிறார்கள். அவன் பார்ப்பது அவளுக்குத் தெரியுமா, தெரிந்ததும் அவள் கை என்ன செய்தது என்று காட்ட ஒரு ஷாட் இருக்காது. அது இல்லையென்றால் நான் எப்படி வெட்டி ஒட்டினாலும் திரையில் வருவது ஒரு பெண்ணை வேவு பார்க்கிற ஆள்தான். இஷ்டமில்லை என்று காட்டிவிட்ட பெண்ணைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்து பேச முயல்வது பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 78-வது பிரிவின்படி குற்றம், முதல் தடவைக்கே 3 ஆண்டு வரை சிறை என்றேன். "நம்ம ஹீரோ நல்லவன்ணா" என்றான் டைரக்டர் தம்பி. அது உனக்குத் தெரியும், படம் பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

சுமார் நூறு வருஷத்துக்கு முன்னால் ரஷ்யாவில் குலெஷோவ் என்ற சினிமா டைரக்டர் ஒரே நடிகரின் சலனமில்லாத முகத்தை எடுத்து, ஒரு தடவை சூப் கிண்ணத்தோடும் இன்னொரு தடவை சவப்பெட்டியோடும் ஒட்டிக் காட்டினார். பசியைப் பார், சோகத்தைப் பார் என்று அந்த நடிப்பைப் பார்த்தவர்கள் மெச்சினார்களாம். முகம் அதேதான், பக்கத்து ஷாட்தான் வேறு. அதனால் ஹீரோ எவ்வளவு உருகி நடித்தாலும் அடுத்த ஷாட் இல்லாமல் அது வெறும் முறைப்பு.

சரி, வேறு என்ன இருக்கிறது என்று தேடினேன். நல்லவேளையாக ஒரு டேக்கில் கட் சொல்ல மறந்திருக்கிறார்கள். (நீங்கள் மறக்காமல் மறந்துவிடுங்கள், நடிப்பு முடிந்த பிறகும் பத்து நொடி கேமரா ஓடட்டும்.) அதில் அந்தப் பெண் தொடுத்துக்கொண்டே வந்து சட்டென்று நிறுத்துகிறாள், மல்லிகை விரலிடுக்கிலேயே இருக்கிறது, நிமிர்ந்து தெருவைப் பார்க்கிறாள், திரும்பக் குனிகிறாள். 4 நொடி, 24 ஃபிரேம் கணக்கில் 96 ஃபிரேம். அதற்கு முன்னால் சைக்கிள் மணியை வைத்தேன், வயலினை எடுத்தேன், தெருச் சத்தத்தை மட்டும் விட்டேன், அவன் பார்வைகளில் ஆறைத் தூக்கிப் போட்டேன். இரண்டு பேரும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் பார்த்தார்கள்.

அடுத்த வாரம் நடித்த பெண்ணையும் கூட்டி வந்தார்கள். அந்த இடம் வந்ததும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஐயோ அண்ணா, நூல் தீந்துபோச்சு. யாராவது குடுப்பாங்களான்னு பார்த்தேன்."