ரீசெட் செய்த பிறகு வைஃபை காணவில்லையா? கார்டை மாற்ற முதல் இதைப் பாருங்கள்

லப்டொப்பை ரீசெட் அல்லது போர்மட் செய்த பிறகு வைஃபை இல்லை, சத்தம் இல்லை, டச்பேட் அசையவில்லை என்று திருகோணமலையில் என்னிடம் வருபவர்களில் பலர் "சாமான் பழுது" என்ற முடிவோடுதான் வருகிறார்கள். நேற்றுவரை ஓடிய மூன்று பாகங்கள் ஒரே நாளில் சேர்ந்து பழுதாவது மிக அரிது. பாகம் உள்ளேதான் இருக்கிறது, அதை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள்தான் போய்விட்டது.

லப்டொப் புதிதாக வரும்போது டிஸ்க்கில் ரிகவரி பகுதி என்று ஒன்று இருக்கும். அதிலிருந்து ரீசெட் செய்தால் கம்பனி போட்ட டிரைவர்களும் பொதுவாகத் திரும்பி வந்துவிடும். பென்டிரைவில் புது விண்டோஸ் போடும்போது இடம் மிச்சம் என்று அதையும் அழித்துவிடுகிறார்கள். பிறகு மிஞ்சுவது விண்டோஸோடு வரும் பொதுவான டிரைவர்கள் மட்டுமே.

கிண்ணியாவிலிருந்து ஒருவர் மகளின் லப்டொப்பைக் கொண்டுவந்தார். மகன் கத்தாரிலிருந்து அனுப்பியது. அடியில் ஸ்டிக்கர் தேய்ந்து மொடல் பெயர்கூட வாசிக்க முடியவில்லை. "தம்பி, வைஃபை கார்ட் செத்துப்போச்சாம், புதுசு போடணுமாம். எவ்வளவு வரும்?" வேறோர் இடத்தில் போர்மட் செய்தவர்கள் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "ஒண்டும் வாங்க வேணாம் நானா, கொஞ்சம் இருங்க" என்றேன்.

ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து டிவைஸ் மனேஜரைத் திறந்தால், 'நெட்வர்க் கொன்ட்ரோலர்' என்ற வரியில் மஞ்சள் முக்கோணம். அதை இரண்டு தரம் தட்டி, 'டீடெயில்ஸ்' பக்கத்தில் 'ஹார்ட்வெயார் ஐடீஸ்' என்பதைத் தெரிவுசெய்தேன். 'வென்' என்பதன் பின்னால் 10ஈசி என்று இருந்தது. அது ரியல்டெக் நிறுவனத்தின் அடையாள எண். 8086 என்றிருந்தால் இன்டெல், 1002 என்றால் ஏஎம்டி. அடுத்து வரும் 'டெவ்' எண் எந்த சிப் என்பதையே சொல்லிவிடும். ஸ்டிக்கர் தேயலாம், இந்த எண் சிப்பிலேயே இருக்கிறது. பயாஸில், அதாவது விண்டோஸ் தொடங்க முதல் திறக்கக்கூடிய அமைப்புப் பக்கத்தில், சீரியல் எண்ணை எடுத்து, லப்டொப் கம்பனியின் தளத்தில் போட்டு, அந்த 'டெவ்' எண்ணுக்குப் பொருந்தும் டிரைவரை ஏற்றினேன். வைஃபை வந்தது. ஒரே மொடல் லப்டொப்பிலேயே வெவ்வேறு வைஃபை கார்டுகள் வரும், அதனால் தளத்தில் இரண்டு மூன்று டிரைவர்கள் இருக்கும். குத்துமதிப்பாக ஒன்றை எடுக்காமல் இந்த எண்ணைப் பார்த்து எடுங்கள்.

பட்டியலில் உள்ள சில பெயர்கள் நன்றாகக் குழப்பும். 'எஸ்எம் பஸ் கொன்ட்ரோலர்' என்றால் சிப்செட் (மதர்போர்ட்) டிரைவர் இல்லை என்று அர்த்தம். முதலில் அதைப் போடுங்கள், வேறு சில மஞ்சள் அடையாளங்களும் அதோடு மறையக்கூடும். 'பேஸ் சிஸ்டம் டிவைஸ்' பெரும்பாலும் மெமரி கார்ட் ரீடர். 'மைக்ரோசொஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடப்டர்' என்று காட்டினால் கிராபிக்ஸ் டிரைவர் இல்லை, திரை மங்கலாகத் தெரிவது அதனால்தான். வரியை இரண்டு தரம் தட்டினால் ஒரு பிழை எண்ணும் தெரியும்: கோட் 28 என்றால் டிரைவரே ஏறவில்லை. கோட் 43 வந்தால் பாகத்தையும் சந்தேகிக்கலாம்.

சரி, வைஃபையே இல்லாமல் டிரைவரை எப்படி இறக்குவது? ஆன்ட்ராய்டு போனை யூஎஸ்பி வயரால் இணைத்து 'யூஎஸ்பி டெதரிங்' போடுங்கள். போன் வீட்டு வைஃபையில் இருந்தால் அதையே லப்டொப்புக்கும் கொடுக்கும், சிம் டேட்டா செலவாகாது. இதற்காக டொங்கிள் வாங்கத் தேவையில்லை.

"எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில்" என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களைத் தயவுசெய்து போடாதீர்கள். பொருந்தாத டிரைவரும் கேட்காத வேறு மென்பொருள்களும் கூடவே ஏறிய லப்டொப்களைச் சுத்தம் செய்வதுதான் எனக்கு அதிக நேரம் பிடிக்கும் வேலை. படிக்கிற பிள்ளைகளின் கணினியில் அந்தக் குப்பை ஏறுவதைப் பார்க்க மனம் கேட்பதில்லை.

பட்டியலில் அந்தச் சாதனம் எந்தப் பெயரிலும் இல்லையென்றால் அது வேறு கதை. பயாஸில் அது அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு லப்டொப்பை முழுதாக நிறுத்தி, சார்ஜரைக் கழற்றி, கழற்றக்கூடிய பற்றரியானால் அதையும் எடுத்து, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். சிலவேளை கார்ட் அதிலேயே திரும்பி வரும். வராவிட்டால் திறந்து பார்க்க வேண்டும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்கரையோடு இருக்கும் வீடுகளிலிருந்து வரும் லப்டொப்களில் கார்டின் தொடுமுனைகளில் பச்சை படிந்திருப்பதைக் கண்டிருக்கிறேன். உப்புக்காற்று செய்யும் வேலை. ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைத்துத் திருப்பிப் பொருத்தினாலே பல கார்டுகள் பேசத் தொடங்கிவிடும்.

இன்னும் ரீசெட் செய்யாதவர்களுக்கு: வைஃபை டிரைவரை முன்கூட்டியே இறக்கி ஒரு பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11 லப்டொப் என்றால் டிஸ்க் உங்களுக்குத் தெரியாமலே பிட்லொக்கரால் பூட்டப்பட்டிருக்கலாம். அந்தப் பூட்டைத் திறக்கும் 48 இலக்க ரிகவரி எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கும். உள்ளே போய்ப் பார்த்து, தாளில் எழுதி எடுத்த பிறகு ரீசெட்டைத் தொடுங்கள்.