மஞ்சள் தடவிய சீட்டு

ஐப்பசி அடைமழை. பாபநாசம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் வீட்டுத் திண்ணையில் ஒரே நேரத்தில் இரண்டு ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் அப்பாயியும் எதிர்வீட்டு அத்தையும் தாயம். இன்னொரு பக்கம் அக்கா பிள்ளைகள் இரண்டு பேரும் தெருப் பிள்ளைகள் மூன்று பேரும், கல்யாணப் பத்திரிகையை வெட்டிச் செய்த 20 சீட்டை நடுவில் வைத்துக்கொண்டு ஒரு கதை விளையாட்டு.

கதை இதுதான். கொள்ளிடத்தில் வெள்ளம், நடுராத்திரி. விடியும்வரை கரையைக் காக்க வேண்டும். ஒருவன் தலையாரி, ஒருத்தி தவில்காரர் மகள், ஒருவன் பரிசல்காரன், ஒருவன் பயந்தாங்கொள்ளிப் பண்ணையார். அக்கா மகள்தான் கதை நடத்துபவள். ஒவ்வொருவரும் தான் என்ன செய்கிறேன் என்று சொல்ல, கட்டிலிருந்து ஒரு சீட்டு திறக்கும். ‘மணல் மூட்டை தீர்ந்தது.’ ‘பக்கத்து ஊர் ஆள்கள் வந்துவிட்டார்கள்.’ ‘மாடு தண்ணீரில் மாட்டிக்கொண்டது.’ இருபதில் ஒரே ஒரு சீட்டில் மட்டும் ‘உடைப்பு’ என்று எழுதியிருக்கும். அது வந்தால் கரை போச்சு, ஊர் போச்சு.

பாத்திரமேற்று ஆடும் இந்த வகை விளையாட்டுக்கு ரோல்பிளேயிங் என்று பெயர். 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் அமெரிக்காவில் கொண்டுவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இதற்கெல்லாம் முன்னோடி. அதில் விதியை முடிவு செய்வது பகடை. குறிப்பாக 20 பக்கப் பகடை. பிறகு வந்த பல விளையாட்டுகள் பகடையின் இடத்திலோ அதற்குப் பக்கத்திலோ சீட்டைக் கொண்டுவந்தன. பகடையாக இருந்தால் என்ன, சீட்டாக இருந்தால் என்ன என்று தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, அன்றைக்கு அந்தத் திண்ணையில் உட்காரும்வரை.

அப்பாயிக்குத் தாயம் விழவில்லை. பித்தளைத் தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு பக்கம். மூன்றில் 1, 2, 3 என்று புள்ளிகள், ஒன்று வெறும் பக்கம். இரண்டையும் உருட்டினால் மொத்தம் 16 விதமாக விழும். ஒன்றில் ஒரு புள்ளி, மற்றதில் வெறும் பக்கம் என்றால்தான் தாயம். அது 16-ல் 2 விதம், அதாவது 8-ல் 1. எட்டுத் தடவை உருட்டியும் தாயமே விழாமல் போக எவ்வளவு வாய்ப்பு? 7/8-ஐ எட்டு முறை பெருக்க வேண்டும். 34 சதவீதம். மூன்றில் ஒரு பங்கு நேரம் அப்பாயி மாதிரி காய் இறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

“இத்தனை வாட்டி விழல, இப்ப விழுந்துதான் ஆவணும்” என்று சொல்லிக்கொண்டே கட்டையை உள்ளங்கையில் தேய்த்தார் அப்பாயி. பாவம், தாயக்கட்டைக்கு அதெல்லாம் தெரியாது. போன தடவை என்ன விழுந்தது என்று அதற்கு ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு உருட்டலும் புதுசு, ஒவ்வொரு தடவையும் அதே 8-ல் 1. 20 பக்கப் பகடையும் அப்படியே. இருபது முறை உருட்டியும் 20 ஒருமுறைகூட விழாமல் போக 36 சதவீத வாய்ப்பு உண்டு.

ஆனால் அப்பாயி சொன்ன அதே வார்த்தையை பிள்ளைகளின் சீட்டுக்கட்டைப் பார்த்துச் சொல்லியிருந்தால் அதில் அர்த்தம் உண்டு. இருபது சீட்டு, ஒரு உடைப்பு. முதல் சீட்டு உடைப்பாக இருக்க 20-ல் 1. அது இல்லையென்றால் அடுத்தது 19-ல் 1. பதினைந்து சீட்டு போயும் உடைப்பு வரவில்லை என்றால் மிச்சம் ஐந்தில் ஒன்று. பத்தொன்பது போய்விட்டால் கணக்கே வேண்டாம். திறந்த சீட்டைக் கட்டில் திருப்பி வைக்காதவரை அந்தக் கட்டு நடந்ததையெல்லாம் ஞாபகம் வைத்திருக்கிறது. ராத்திரி ஏற ஏற, தண்ணீர் ஏற ஏற, பயமும் ஏறும் ஒரு கதைக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. பகடையால் அந்த ஏற்றத்தைத் தர முடியாது. அதற்கென்று தனியாக விதி எழுத வேண்டும்.

இந்த ஞாபகத்தை எப்போது அழிப்பது என்பதுகூட ஒரு விதிதான். 2003-ல் வந்த சாவேஜ் வேர்ல்ட்ஸ் என்ற ரோல்பிளேயிங் விளையாட்டில் சண்டை வந்தால் யார் முந்துவது என்பதைச் சாதாரண ரம்மிச் சீட்டுதான் தீர்மானிக்கும். இரண்டு ஜோக்கரோடு 54 சீட்டு. ஜோக்கர் யாருக்காவது விழுந்தால் அந்தச் சுற்றோடு கட்டு முழுவதையும் மறுபடி கலைத்துப் போட வேண்டும். எதுவரை ஞாபகம், எங்கே மறதி என்று வடிவமைத்தவர் முடிவு செய்கிறார். ரொம்ப அழகான விதி என்பேன்.

சீட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு: பாக்கெட் பாக்கெட்டாக வாங்கிச் சேகரிக்கும் அட்டை. நான் படித்த காலத்தில் பபிள்கம்மோடு கிரிக்கெட் அட்டை வரும். எனக்கு ஒரே ஒரு ஆள் மட்டும் கடைசிவரை வரவில்லை. அதற்காக எவ்வளவு சில்லறை போச்சோ, பல்லும் போச்சு. அப்போது அதைத் துரதிர்ஷ்டம் என்று நினைத்தேன். அது வெறும் கணக்கு.

20 வகை அட்டை இருக்கிறது, எல்லாம் சம அளவில் கலந்திருக்கிறது, பாக்கெட்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். இருபதையும் சேர்க்கச் சராசரியாக 72 பாக்கெட் வாங்க வேண்டும். முதல் பத்து வகைக்கு 13 பாக்கெட்டே போதும். மீதிப் பத்துக்கு 59. கடைசி ஒரே ஒரு அட்டைக்கு மட்டும் சராசரியாக 20. கையில் இருப்பது கூடக்கூட, வாங்குவதெல்லாம் ஏற்கெனவே இருப்பதாகவே வரும். இரண்டு பேர் தனித்தனியாகச் சேர்த்தால் மொத்தம் 144 பாக்கெட் ஆகும். ஒன்றாகப் போட்டுப் பங்கிட்டுக்கொண்டால் இரண்டு செட்டுக்கும் சேர்த்து 109 அளவில் முடிந்துவிடும். பள்ளிக்கூட மரத்தடியில் நாங்கள் செய்த பண்டமாற்றுக்குப் பின்னால் இந்த 35 பாக்கெட் மிச்சம் இருந்தது.

இந்த வேட்டையையே விளையாட்டோடு சேர்த்துக் கட்டியவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 1993-ல் அவர் உருவாக்கிய, சேகரித்த அட்டைகளைக் கட்டாக அடுக்கி மோதும் மேஜிக் தி கேதரிங் விளையாட்டு வெளிவந்தது. அன்றைக்கு 15 அட்டை கொண்ட பாக்கெட். அதில் பதினொன்று காமன் (சாதாரணம்), மூன்று அன்காமன் (கொஞ்சம் அரிது), ஒன்று ரேர் (அரிது). அரிதான அட்டை என்றால் ஏதோ தனியாகக் குறைத்து அடித்தார்கள் என்று நினைக்க வேண்டாம். அச்சகத்தில் பெரிய தாளில் வரிசைக்கு 11, பதினொரு வரிசை, ஆக 121 அட்டை அடித்து வெட்டினார்கள். காமனுக்கு ஒரு தாள், ரேருக்கு ஒரு தாள். ரேர் தாளிலிருந்து பாக்கெட்டுக்கு ஒரே அட்டை போனது, காமன் தாளிலிருந்து பதினொன்று. அவ்வளவுதான் ரகசியம்.

அந்த ரேர் தாளில் ஒரே இடத்தில் இருக்கும் அட்டை ஒன்று உங்களுக்கு வேண்டும் என்றால், பாக்கெட்டுக்கு 121-ல் 1 வாய்ப்பு. 121 பாக்கெட் வாங்கியும் கிடைக்காமல் போக வாய்ப்பு 37 சதவீதம். தாயத்தில் 34, இருபது பக்கப் பகடையில் 36, இங்கே 37. n-ல் ஒரு வாய்ப்பை n தடவை முயன்றும் தோற்பது, n பெரிதாகப் பெரிதாக, 36.8 என்ற ஒரே எண்ணை நோக்கி நகரும். அப்பாயியின் தாயக்கட்டையும் கடையில் தொங்கும் பாக்கெட்டும் சொந்தக்காரர்கள்.

பாக்கெட் பார்க்க அட்டை மாதிரி இருக்கிறதே தவிர, அது பகடை. கடைக்காரரிடம் தொங்கும் சரம், லட்சக்கணக்கில் அடித்ததில் ஒரு துளி. நீங்கள் ஒன்றை எடுத்ததால் அடுத்த பாக்கெட்டின் வாய்ப்பு மாறுவதில்லை. அட்டைக்கு ஞாபகம் வருவது மேசையில் கட்டாக அடுக்கிய பிறகுதான். சேகரிக்கும் அட்டை என்பது மறதியில் வாங்கி ஞாபகத்தில் ஆடுகிற பொருள்.

போட்டி விளையாட்டில் இது ஓடியது. கதை விளையாட்டில்? முயன்று பார்த்தார்கள். 2010-ல் வந்த காமா வேர்ல்ட் என்ற கதை விளையாட்டின் பதிப்பில் கதிர்வீச்சால் உடம்பு மாறிக்கொண்டே இருக்கும் உலகம். யாருக்கு என்ன புதுச் சக்தி முளைக்கிறது என்பதை அட்டைதான் சொல்லும். பெட்டியிலேயே கொஞ்சம் அட்டை வரும். மேலும் வேண்டுமென்றால் எட்டு அட்டைப் பாக்கெட் வாங்கலாம். அடுத்த வருஷம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கே ஃபார்ச்சூன் கார்ட்ஸ் என்று எட்டு அட்டைப் பாக்கெட் வந்தது. அவரவர் கட்டை அவரவர் வாங்கி அடுக்கிக்கொண்டு வந்து, ஆட்டத்தின் நடுவில் சின்னச் சின்ன அனுகூலம் எடுத்துக்கொள்ளலாம். 2014-ல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடுத்த பதிப்பு வந்தபோது ஃபார்ச்சூன் கார்ட்ஸ் அதோடு வரவில்லை.

என் அபிப்பிராயத்தில் கோளாறு அட்டையில் இல்லை, பாக்கெட்டில் இருக்கிறது. கரையைக் காக்க நாலு பேரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள். அதில் ஒருவன் அதிகம் பாக்கெட் வாங்கினான் என்பதால் பண்ணையாருக்கு இரும்புக் கை முளைத்தால் மற்ற மூன்று பேருக்கும் கதை கசந்துவிடும். இதில் கட்டின் அளவும் சேர்ந்துகொள்ளும். 40 சீட்டுக் கட்டில் உங்களுக்கு வேண்டிய ஒன்று முதல் நான்கு சீட்டுக்குள் வர 10-ல் 1 வாய்ப்பு. வேண்டாததைக் கழித்துக் கட்டைப் பத்தாகக் குறைத்தால் 10-ல் 4. மேஜிக்கின் வழக்கமான போட்டி ஆட்டத்தில் கட்டுக்குக் குறைந்தது 60 அட்டை, பெரும்பாலான அட்டைகளில் ஒரே அட்டை நான்குக்கு மேல் கூடாது என்று விதி இருப்பது இதற்காகத்தான்.

எங்கள் திண்ணையில் கட்டு பொதுக்கட்டு. ஆனால் அங்கேயும் ஒரு தில்லுமுல்லு தலைகாட்டியது. இரண்டாவது ஆட்டத்தில் பரிசல்காரன் ஒரு சீட்டு திறக்கும் முன்பே “நான் கரையிலிருந்து இறங்கி ஓடுறேன்” என்றான். திறந்தால் உடைப்பு. மூன்றாவது ஆட்டத்திலும் அதே கதை.

சீட்டை வாங்கிப் பார்த்தேன். போன தையில் அண்ணன் கல்யாணத்துக்கு அடித்து மீந்த பத்திரிகைகளை வெட்டி, உள்பக்கம் வெள்ளைத்தாள் ஒட்டி எழுதியிருந்தார்கள். பத்தொன்பதுக்குத்தான் அது போதுமானதாக இருந்தது. இருபதாவதுக்குச் சாமி மாடத்தில் வைத்திருந்த முதல் பத்திரிகையில் கை வைத்துவிட்டார்கள். மூலையில் மஞ்சள்! கலைக்கும் லட்சணம் அதற்கு மேல். கொத்துக்கொத்தாகக் கைமாற்றுவதோடு சரி. ஈரக்காற்றில் ஊறிய அட்டை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போகும். 52 சீட்டை இரண்டாகப் பிரித்து, சரசரவென்று ஒன்றுக்குள் ஒன்று விழவிட்டுக் கலைத்தால் ஏழு தடவையில் நன்றாகக் கலந்துவிடும் என்று டேவ் பேயரும் பெர்சி டயகோனிஸும் 1992-ல் கணக்கிட்டார்கள். நம்மூர்க் கொத்துக் கலைப்புக்கு ஆயிரக்கணக்கில் கலைக்க வேண்டும். எல்லா அட்டைக்கும் பின்பக்கம் ஒரே படம், நடுவில் வெளிச்சம் ஊடுருவாத கரும்பசை, மேலே பிளாஸ்டிக் உறை என்று கம்பெனிகள் மெனக்கெடுவது வீண் ஆடம்பரம் இல்லை. பின்பக்கம் ஒரு துளி அடையாளம் இருந்தால் கட்டு தன் ரகசியத்தை முன்கூட்டியே சொல்லிவிடும்.

“புதுசா ஒண்ணு வெட்டிடலாமா?” என்றேன்.

“பத்திரிகை இல்ல மாமா” என்று அக்கா மகள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்து, மீதிப் பத்தொன்பது சீட்டுக்கும் அதே மூலையில் ஒவ்வொரு பொட்டு வைத்தாள். பரிசல்காரன் முகம் தொங்கிப்போச்சு. திண்ணையின் அந்தப் பக்கம் அப்பாயிக்கு இன்னும் தாயம் விழவில்லை.