மேவுதல்: ரூபியின் செயற்குறிகளுக்கு ஒரு மட்டக்களப்புச் சொல்

‘ஓவர்ரைட்’ (override) என்னும் ஆங்கிலச் சொல்லின் பழைய பொருள், குதிரையேறி ஒன்றின் மேலாகச் செல்லுதல் என்பதாகும். மிதித்துச் செல்லுதல், பிறர் முடிவை மேலதிகாரத்தால் செல்லாததாக்குதல் ஆகியவை அதிலிருந்து கிளைத்தன. நிரலாக்கத்தில் பொருள்களுக்கான வார்ப்பு ‘வகுப்பு’ (class) எனவும், அதற்குள் எழுதப்படும் செயல் ‘செய்முறை’ (method) எனவும் சொல்லப்படும்; தாய் வகுப்பிடமிருந்து பெற்ற செய்முறையைச் சேய் வகுப்பு அதே பெயரில் தனக்கேற்ப எழுதிக்கொள்வதை அது குறிக்கிறது.

யுகிஹிரோ மட்சுமோட்டோ 1995இல் வெளியிட்ட ரூபி என்னும் நிரலாக்க மொழியில் கூட்டற்குறி என்னும் செயற்குறியும் (operator) ஒரு செய்முறையே. 2 + 3 என்று எழுதும்போது, 2 என்னும் எண்ணின் ‘+’ செய்முறை 3ஐப் பெற்று இயங்குகிறது. (‘=’, ‘&&’, ‘||’ ஆகியவை செய்முறைகள் அல்ல; அவற்றில் கைவைக்க இயலாது.) எழுத்துத் தொடர்களான சரங்களிடையே (string) அதே குறி ஒட்டுவேலை செய்யும்: ‘மண்முனை’யையும் ‘பற்று’வையும் கூட்டினால் ஒற்று விழுந்த ‘மண்முனைபற்று’ கிடைக்கும். ஊர்ப்பெயர்களுக்கென ஒரு சேய் வகுப்பை அமைத்து, அதன் ‘+’ முதலில் ‘ப்’ சேர்த்து, பின்னர் ‘சூப்பர்’ என்னும் கட்டளையால் தாய் வகுப்பின் ‘+’ஐயே அழைக்குமாறு எழுதினால் ‘மண்முனைப்பற்று’ பிழையின்றி வரும்.

இதனை ‘மேலெழுதுதல்’ என்பது பொருந்தாது. அச்சொல் பழையது அழிந்துவிட்டதென எண்ணவைக்கும். மாரிகாலத்தில் கிரான்–புலிபாய்ந்தகல் வீதியை வெள்ளம் மேவிப் பாய்கிறது என்று இங்கே சொல்லும்போது, வீதி நீருக்கடியில் அப்படியே கிடக்கிறது என்பது கேட்பவருக்குத் தெரியும். தாய் வகுப்பின் செய்முறையும் அவ்வாறே அடியில் கிடக்கிறது. தொல்காப்பியம் ‘மேவு’ என்பதற்கு விருப்பம் எனப் பொருள் கூறுகிறது. மேற்படுதல் என்னும் எமது வழக்குப் பொருளோ இவ்விடத்துக்கு அளந்து தைத்தது போன்றது. எனவே ‘செயற்குறி மேவுதல்’ என்பதே என் தெரிவு.

ஆனால் முழு எண்களுக்கான ‘இன்டிஜர்’ வகுப்பையே மீளத் திறந்து ‘+’ஐ மாற்றுவது மேவுதல் அன்று, அது வீதியையே கிண்டி எடுப்பது. பழைய செய்முறைக்கு முன்கூட்டியே வேறு பெயர் சூட்டி வைக்காவிட்டால் அது கைக்கு எட்டாது. நிரல் முழுவதிலும் கூட்டல் மாறிவிடும். இதற்கு ‘மீள்வரையறுத்தல்’ என்பதே தகும். 2013இல் வந்த ரூபி 2.0, இத்தகைய மாற்றத்தை வேண்டிய கோப்புக்குள் மட்டும் அடக்கிவைக்க ‘ரிஃபைன்மென்ட்’ என்ற வசதியை அறிமுகப்படுத்தியது. அதனை ‘வரம்பு கட்டிய மீள்வரையறை’ எனலாம்.