பாலூ தம்பி: கரடி எழுத்துருவின் பெயர்க்கதை

வடிவமைப்புச் செயலிகளில் எழுத்துருப் பட்டியலை உருட்டும்போது 'பாலூ தம்பி' என்ற பெயர் கண்ணில் பட்டிருக்கும். முனைகள் மழுங்கிய, கொழுகொழுவென்ற தமிழ் எழுத்து. மும்பை ஏக் டைப் குழு உருவாக்கியது. கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது.

பாலூ என்றால் இந்தியில் கரடி. வடமொழி 'பல்லூக'த்திலிருந்து வந்த சொல். தமிழ் அகராதிகளிலும் 'பல்லூகம்' உண்டு, ஆனால் யாரும் புழங்குவதில்லை. சங்கப் பாடல்களில் புற்றைக் கிண்டி இரை தேடும் கரடிக்கு 'எண்கு' என்று பெயர். அந்தப் பெயரில் ஒரு எழுத்துரு வந்தால் நன்றாகத்தான் இருக்கும்.

சரி, தம்பி எங்கிருந்து வந்தான்? இந்த எழுத்துரு பல இந்திய எழுத்துமுறைகளில் வந்திருக்கிறது. தேவநாகரிக்கு வெறும் பாலூ. மற்றவற்றுக்கு அந்தந்த மொழியின் உறவுப்பெயரை ஒட்டிவிட்டார்கள்: கன்னடத்துக்குத் தம்ம, தெலுங்குக்குத் தம்முடு, மலையாளத்துக்குச் சேட்டன், குஜராத்திக்குப் பாய். தம்பி, தம்ம, தம்முடு மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை. தமக்குப் பின் பிறந்தவன் என்பதால் தம் + பின், தம்பி ஆனான் என்று விளக்குவார்கள். தென்மொழிகள் நால்வரில் மலையாளம் மட்டும் அண்ணன்! தமிழின் வயதைச் சொல்லிச் சண்டைக்கு வருபவர்கள் வரலாம். எனக்கென்னவோ, தெருவில் போகிற பையனைக் கூப்பிடும் 'தம்பி'தான் இந்த எழுத்தின் குறும்புக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இவ்வகையை ஆங்கிலத்தில் டிஸ்பிளே ஃபாண்ட் என்பார்கள். ஃபாண்ட் என்பது உருக்கி வார்ப்பதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது, ஈய அச்சுக் காலத்து மிச்சம். தமிழில் 'எழுத்துரு' நிலைத்துவிட்டது. டிஸ்பிளேயை 'அலங்கார எழுத்துரு' என்று சிலர் எழுதுகிறார்கள். பெரிய அளவில் கண்ணை இழுக்க வேண்டும் என்பதுதான் இங்கே முக்கியம். பூவேலை இல்லாமலும் அது நடக்கும். அதனால் 'தலைப்பெழுத்துரு' என்பதே சரி என்பேன்.

பயன்பாடும் அதே கணக்குதான். சிறுவர் நூல் அட்டை, யூடியூப் தம்ப்நெயில், ஐஸ்கிரீம் கடை போர்டு, பிறந்தநாள் பேனர் இவற்றுக்கெல்லாம் அசத்தும். ஆங்கில எழுத்தும் எண்களும் அதே கோப்பில் இருப்பதால் '50% ஆஃபர்' என்று கலந்து அடித்தாலும் ஒட்டாமல் நிற்காது. ஆனால் பத்தி பத்தியாக அடிக்காதீர்கள். 'ண' எழுத்தைச் சின்ன அளவில் வைத்துப் பாருங்கள்: சுழிகளுக்குள் இருக்கும் வெள்ளை இடம் அடைபட்டு, 'ணை' வந்தால் ஒரே மைத்திட்டு. முதலில் ஒரே தடிமனில்தான் வந்தது. பின்னர் வந்த 'பாலூ தம்பி 2' ஐந்து தடிமன்களில் இருப்பதால், மெல்லியதை எடுத்தால் துணைத்தலைப்பு வரை சமாளிக்கலாம்.

கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு மட்டும் வேண்டவே வேண்டாம்.