நீங்க எழுதினது, எடுத்த போட்டோ, போட்ட மெட்டு யாருக்குச் சொந்தம்? காப்பிரைட் சட்டம் பத்தி விளக்கமா

பேஸ்புக்ல ஒருத்தர் கவிதை போடுறாரு, ரெண்டே நாள்ல அது இன்னொருத்தர் பேரோட வாட்ஸப்புல சுத்துது, கேக்கப் போனா "நீங்க காப்பிரைட் வாங்கி வச்சிருக்கீங்களா, ரிஜிஸ்டர் பண்ணீங்களா"ன்னு எதிர்க்கேள்வி வருது, இவரும் பதில் தெரியாம பேசாம வந்துடுறாரு. இது தினமும் எங்கயாவது நடக்குது, அந்த எதிர்க்கேள்விக்கு சட்டத்துல எந்த ஆதாரமும் கிடையாதுன்னு தெரிஞ்சிருந்தா அவர் அப்படி வந்திருக்க வேண்டியதே இல்ல.

இந்தியாவுல இதுக்கு இருக்கிறது 1957ம் வருஷத்து காப்பிரைட் சட்டம், 1958 ஜனவரியில அமலுக்கு வந்துச்சு, நடுவுல பல தடவை திருத்தியிருக்காங்க, அதுல 2012ல வந்த திருத்தம் முக்கியமானது. இந்த சட்டப்படி நீங்க சொந்தமா ஒண்ண எழுதி முடிச்ச அந்த நிமிஷமே, போட்டோ எடுத்த அந்த நிமிஷமே உரிமை உங்களுக்கு வந்துடுது. யார்கிட்டயும் போய் வாங்க வேண்டியதில்ல. கதை, கவிதை, கட்டுரை, பாட்டு வரி, மெட்டு, ஓவியம், போட்டோ, வீடியோ, பாட்டு ரெக்கார்டிங், கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் எல்லாம் இதுல அடங்கும்.

ரிஜிஸ்டர் பண்றது உங்க இஷ்டம்தான், கட்டாயம் இல்ல. பண்ணா ஒரு லாபம், நாளைக்கு கோர்ட்டுல அந்த சர்டிபிகேட் முதல்கட்ட ஆதாரமா நிக்கும், அதனால புக்கு போடுறவங்க, ஆல்பம் பண்றவங்க செஞ்சு வைக்கிறது நல்லதுதான். டெல்லியில இருக்கிற காப்பிரைட் ஆபீஸ்ல ஆன்லைன்லயே அப்ளை பண்ணலாம், எழுத்து, இசை, ஓவியத்துக்கு ஒரு படைப்புக்கு 500 ரூபாய், சவுண்ட் ரெக்கார்டிங்குக்கு 2000, சினிமாவுக்கு 5000. அப்ளை பண்ணதும் யாராவது ஆட்சேபணை சொல்றாங்களான்னு 30 நாள் காத்திருப்பாங்க, அதுக்கப்புறம்தான் பரிசீலனை. ஏஜென்ட்டுங்க ஆயிரக்கணக்குல கேப்பாங்க, சின்னக் கவிதைத் தொகுப்புக்கெல்லாம் அது தேவையே இல்ல, பாரத்தை நீங்களே நிரப்பிடலாம்.

ஒரு விஷயம் மட்டும் தெளிவா இருக்கணும், வெறும் ஐடியாவுக்கு காப்பிரைட் கிடையாது. 1978ல ஒரு நாடகத்தையும் சினிமாவையும் வச்சு நடந்த கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டே இதைச் சொல்லிடுச்சு, கருவை யார் வேணாலும் எடுத்துக்கலாம், அதை நீங்க எழுதின விதத்தைத்தான் எடுக்கக் கூடாது. கடைப் பேரு, பிராண்ட் பேரு இதெல்லாம் ட்ரேட்மார்க் சட்டத்துல வரும், புதுசா கண்டுபிடிச்ச மெஷினுக்கு பேட்டன்ட், அது ரெண்டும் வேற கதை, இங்க போட்டுக் குழப்பிக்க வேணாம்.

சரி, செஞ்சவருக்குத்தான் உரிமைன்னா எல்லா இடத்துலயும் அப்படியான்னு கேட்டா, இல்ல. ரொம்ப பேர் அடிவாங்குறது இங்கதான், அதனால இதைக் கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

முதல்ல கல்யாண போட்டோ. காசு குடுத்து ஒருத்தர் போட்டோவோ வீடியோவோ எடுக்கச் சொன்னா, வேற மாதிரி ஒப்பந்தம் எதுவும் இல்லாதபட்சத்துல காப்பிரைட் காசு குடுத்தவருக்குத்தான், எடுத்தவருக்கு இல்ல. சட்டத்தோட 17வது பிரிவு இதை நேராவே சொல்லுது. போட்டோகிராபர் தம்பிங்க நிறைய பேருக்கு இது தெரியாது, பொண்ணு மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேக்காம இன்ஸ்டாவுல போடுறாங்க, கடை வாசல்ல ஃப்ளெக்ஸ் வைக்கிறாங்க, அந்த குடும்பம் வேணாம்னு சொன்னா எடுத்துத்தான் ஆகணும். விளம்பரத்துக்கு அந்தப் படம் வேணும்னா அட்வான்ஸ் வாங்கும்போதே பில்லுலயே ரெண்டு வரி எழுதி கையெழுத்து வாங்கிக்கோங்க, அது போதும். அதே சமயம் எடுத்தவர்ங்கிற அந்தஸ்து போட்டோகிராபரை விட்டு எங்கயும் போகாது, "இது நான் எடுத்தது"ன்னு சொல்ற உரிமை 57வது பிரிவுல தனியா இருக்கு.

அடுத்து சம்பளத்துக்கு வேலை பாக்குறவங்க. கம்பெனியில வேலையா இருந்து அந்த வேலையோட பாகமா நீங்க எழுதினதெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம், வேற ஒப்பந்தம் இல்லன்னா. ஆனா ஃப்ரீலான்ஸா எழுதுறவங்க, கோடிங் பண்றவங்க அப்படி இல்ல, எழுதிக் குடுக்காத வரைக்கும் காப்பிரைட் உங்ககிட்டயேதான் இருக்கு, பணம் வாங்கினதாலயே அது கை மாறிடாது. பத்திரிகையில வேலை பாக்குறவங்களுக்கு சட்டம் நடுவுல ஒரு வழி வச்சிருக்கு, பத்திரிகையில வெளியிடுற உரிமை முதலாளிக்கு, ஆனா வேற ஒப்பந்தம் இல்லன்னா அதையே பின்னால புத்தகமா போடுற மாதிரி மத்த உரிமையெல்லாம் எழுதினவருக்கே. பல வருஷம் பத்தி எழுதிட்டு, அதைத் தொகுப்பா போட ஆபீஸ்ல கெஞ்சிக்கிட்டு நிக்கிற மூத்த பத்திரிகையாளர்களைப் பாத்தா மனசு கஷ்டமா இருக்கு, அவங்க சட்டப்படியே கேக்கலாம்.

இப்ப கையெழுத்து. உரிமையை இன்னொருத்தருக்கு மாத்திக் குடுக்கணும்னா அது எழுத்துல இருக்கணும், குடுக்கிறவர் கையெழுத்து இருக்கணும், வாயால சொன்னது செல்லாது. எத்தனை வருஷத்துக்குன்னு பேப்பர்ல எழுதலன்னா வெறும் 5 வருஷம்தான் செல்லும், எந்த ஊருக்கு எந்த நாட்டுக்குன்னு எழுதலன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்தான். வாங்கினவர் ஒரு வருஷத்துக்குள்ள அந்த உரிமையைப் பயன்படுத்தலன்னா, வேற மாதிரி எழுதியிருந்தா ஒழிய, அந்த உரிமை காலாவதி. எழுதுறவங்க பக்கம் நின்னு யோசிச்சு வச்ச விதிங்க இது, ஆனா இதெல்லாம் பேப்பர்ல ஒண்ணும் எழுதாம விட்டாதான் உதவும். "சகல உரிமைகளும் நிரந்தரமாக உலகம் முழுவதும்"னு டைப் அடிச்ச பேப்பர்ல கையெழுத்து போட்டுட்டா அப்புறம் சட்டத்தால பெருசா காப்பாத்த முடியாது. அதனால தயவு செஞ்சு படிச்சுப் பாக்காம கையெழுத்து போடாதீங்க, முதல் புத்தகம் வருதேங்கிற சந்தோஷத்துல தான் ரொம்ப பேர் போட்டுடுறாங்க. காலம், இடம், எந்த வடிவம், அதாவது அச்சா, இ-புக்கா, ஆடியோவா, மொழிபெயர்ப்பா, ராயல்டி, அதாவது விற்பனையில உங்க பங்கு எவ்வளவு, இத்தனையும் தனித்தனியா எழுதச் சொல்லுங்க. முடியாதுன்னா யோசிங்க.

சினிமாவுக்கு பாட்டு எழுதுறவங்களுக்கும் மெட்டு போடுறவங்களுக்கும் 2012 திருத்தம் பெரிய பலம். அந்தப் பாட்டு தியேட்டர்ல படத்தோட ஓடுறதைத் தவிர வேற எந்த வழியில பயன்பட்டாலும் வர்ற ராயல்டியில சமமா பங்கு அவங்களுக்கு உண்டு, அதை வாரிசுக்கோ ராயல்டி வசூலிக்கிற காப்பிரைட் சொசைட்டிக்கோ தவிர வேற யாருக்கும் விட்டுக் குடுக்கவே முடியாது, மீறி எழுதி வாங்கினா அந்த அக்ரிமெண்ட் அந்த அளவுக்குச் செல்லாது.

காப்பிரைட்டை வித்துட்டாலும் போகாத ஒண்ணு இருக்கு, மேல சொன்ன 57வது பிரிவு. படைச்சவர் பேரைச் சொல்லிக்கிற உரிமையும், படைப்பைச் சிதைச்சு அவர் பேரைக் கெடுக்கிறதைத் தடுக்கிற உரிமையும் கடைசி வரைக்கும் அவருதுதான். டெல்லி விஞ்ஞான் பவன்ல அமர்நாத் சேகல்னு ஒரு சிற்பி பெரிய சுவர்ச் சிற்பம் செஞ்சிருந்தாரு, 1979ல அரசாங்கம் அதைப் பேத்து எடுத்து குடோன்ல போட்டுடுச்சு, அவர் கேஸ் போட்டு 2005ல ஜெயிச்சாரு, மிச்சம் இருக்கிற பாகங்களை அவர்கிட்டயே குடுத்துடுங்க, 5 லட்சம் நஷ்ட ஈடும் குடுங்கன்னு டெல்லி ஹைகோர்ட் சொல்லிச்சு. அரசாங்கத்தையே எதிர்த்து ஒரு கலைஞன் நின்னு ஜெயிச்சிருக்காரு.

இப்ப மறுபக்கம், மத்தவங்க படைப்பை நாம எந்த அளவுக்கு எடுத்துக்கலாம்னு பாப்போம். "கிரெடிட் குடுத்துட்டேன்", "30 செகண்ட்தான் போட்டேன்" இந்த ரெண்டும் சட்டத்துல கிடையவே கிடையாது, பேரைப் போட்டா மட்டும் அனுமதி ஆயிடாது, இத்தனை செகண்டுன்னு கணக்கும் எழுதி வைக்கல. இருக்கிறது 52வது பிரிவு. சொந்த உபயோகம், ஆராய்ச்சி, விமர்சனம், நடப்புச் செய்தி சொல்றது, இதுக்கெல்லாம் நியாயமான அளவுல எடுத்துக்கலாம். வாத்தியார் பாடம் நடத்துறதுக்கு காப்பி எடுக்கலாம், டெல்லி யூனிவர்சிட்டி ஜெராக்ஸ் கடை மேல பெரிய பதிப்பகங்க போட்ட கேஸ்ல 2016ல ஹைகோர்ட் மாணவர்கள் பக்கம்தான் தீர்ப்பு சொல்லிச்சு. கண்ணு தெரியாதவங்க படிக்கிற மாதிரி பிரெய்ல், ஆடியோன்னு மாத்திக் குடுக்கிறதுக்கும், லாப நோக்கம் இல்லாத பட்சத்துல, அனுமதி தேவையில்ல.

கல்யாணத்துல பாட்டு போட்டா லைசென்ஸ் எடுக்கணும்னு மண்டபத்துல வந்து நிக்கிறவங்க இருக்காங்க. கோயில் சடங்கு, கல்யாணம், மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம், கல்யாணத்தை ஒட்டின கொண்டாட்டம் இதுக்கெல்லாம் பாட்டு போடுறது மீறல் ஆகாதுன்னு சட்டத்துலயே இருக்கு, 2023 ஜூலையில மத்திய அரசும் பொது அறிவிப்பு போட்டு இதைத் திரும்பச் சொல்லிச்சு. பொண்ணு வீட்டுக்காரங்க அந்த நேரத்து டென்ஷன்ல காசைக் குடுத்துடுறாங்க, குடுக்க வேணாம், அந்த அறிவிப்பை போன்ல சேவ் பண்ணி வச்சுக்கோங்க. ஆனா அதே கல்யாண வீடியோவுல சினிமாப் பாட்டைச் சேத்து யூட்யூப்ல ஏத்துறது இந்த விலக்குல வராது.

எழுதினவர் காலமானதுக்கு அடுத்த வருஷம் ஜனவரி 1ல இருந்து 60 வருஷம் உரிமை வாரிசுக்கு. 1965ல இறந்தவரோட எழுத்து 2025 டிசம்பர் 31 வரைக்கும் வாரிசுக்கு, 2026ல இருந்து எல்லாருக்கும். தமிழ்நாட்டுல இதுக்கு முன்னாடியே மக்களுக்குக் கிடைக்கிற மாதிரி நாட்டுடைமைன்னு ஒரு ஏற்பாடு இருக்கு, அரசு வாரிசுகளுக்கு பரிவுத் தொகை குடுத்து நூல்களைப் பொதுவாக்கிடும், பாரதியார் பாட்டெல்லாம் 1949ல அரசு வாங்கிப் பொதுவாக்கினதால தான், காப்பிரைட் காலம் முடியறதுக்கு முன்னாடியே யார் வேணா அச்சடிக்கலாம், பாடலாம்னு ஆச்சு. நாட்டுடைமை ஆன நூல்கள் நிறைய தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட தளத்துல இலவசமாவே படிக்கக் கிடைக்குது.

உங்க எழுத்தை யாராவது திருடிட்டா முதல்ல ஸ்க்ரீன்ஷாட், லிங்க், தேதி எடுத்து வைங்க, நீங்க முன்னாடியே எழுதினதுக்கான டிராஃப்ட், ஒரிஜினல் போட்டோ ஃபைல் எதையும் அழிக்காதீங்க. அடுத்து அந்த தளத்துக்கு எழுத்து மூலமா கம்ப்ளெயின்ட். நம்ம விதிப்படி சரியான கம்ப்ளெயின்ட்னா 36 மணி நேரத்துக்குள்ள அவங்க நடவடிக்கை எடுத்து 21 நாளைக்கு அதை முடக்கி வைக்கணும், அதுக்குள்ள கோர்ட் ஆர்டர் கொண்டு வரலன்னா மறுபடி திறந்துடலாம். கிரிமினல் கேஸ் போட்டா 6 மாசத்துல இருந்து 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 50 ஆயிரத்துல இருந்து 2 லட்சம் வரைக்கும் அபராதம்னு சட்டம் சொல்லுது. நஷ்ட ஈடு கேட்டு சிவில் கேஸ் போடணும்னா மீறல் நடந்த நாள்ல இருந்து 3 வருஷத்துக்குள்ள போட்டாகணும், அதுக்கு சென்னைக்கோ மும்பைக்கோ திருடினவன் இருக்கிற ஊருக்கோ நீங்க அலைய வேண்டியதில்ல, 62வது பிரிவுப்படி நீங்க குடியிருக்கிற ஊரோட மாவட்ட கோர்ட்டுலயே போடலாம்.